அதிகம் எதிர்பார்த்துப் போய் ஏமாந்த சூப்பர் ஹீரோ காமெடிப் படம் எது?

கேட்டவர் முதல் வாரமே டிக்கெட் போட்டுப் போய், திரும்பும்போது யாரோடும் பேசாமல் வந்தவராக இருப்பார் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் வந்தேன். படம், 2022 ஜூலையில் வெளியான 'தோர்: லவ் அண்ட் தண்டர்'.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் காமெடிக்கு விரோதி இல்லை. இதே இயக்குநர் டைக்கா வைடீட்டி 2017இல் எடுத்த 'ராக்னராக்' படத்தை நான்கு முறை பார்த்தவன். அதில் இடிக் கடவுளான தோர் அப்பாவை இழக்கிறான், சுத்தியலை இழக்கிறான், ஒரு கண்ணும் போகிறது, கடைசியில் சொந்த ஊரே இல்லாமல் போகிறது. ஊர் அழிகிற நேரத்திலும் ஒரு ஜோக் வரும். எனக்கு அது உறுத்தவில்லை. "மார்வெல் படத்துல லாஜிக் பாக்குறியா" என்று கமெண்ட் போட வருகிறவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தது லாஜிக் இல்லை.

என் அம்மாவுக்கு 2018இல் மார்பகப் புற்றுநோய். தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு 21 நாளைக்கு ஒருமுறை கீமோ. ஏற்றி முடித்துத் திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில்தான் வாந்தி தொடங்கும். கையில் ஒரு எலுமிச்சம்பழம், மடியில் ஒரு பாலித்தீன் கவர், பக்கத்தில் நான். இரண்டாவது கீமோவுக்குப் பிறகு முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "திருப்பதி போற பஸ் செலவு மிச்சம்டா" என்றார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். உடனே, "அந்தத் துண்ட எடு" என்று வாங்கித் தலையை மூடிக்கொண்டார். அந்தத் துண்டைக் கடைசிவரை எடுக்கவில்லை. 2019இல் போய்விட்டார்.

அந்த நாட்களில்தான் ஜேசன் ஆரன் எழுதிய தோர் காமிக்ஸைப் போனில் படித்தேன். அதில் தோரின் முன்னாள் காதலி ஜேன் ஃபாஸ்டருக்கு மார்பகப் புற்றுநோய். தோரின் சுத்தியலைத் தூக்கினால் தோர் ஆகிவிடுவாள். ஆனால் ஒவ்வொரு முறை மாறும்போதும் உடம்பில் ஏறிய கீமோ மருந்து முழுவதும் வெளியேறிவிடும், நோய் இன்னும் முற்றும். தெரிந்தேதான் தூக்குவாள். இதைப் படமாக எடுக்கிறார்கள், அதுவும் 'ராக்னராக்' எடுத்தவர் எடுக்கிறார் என்றதும் எனக்கு எவ்வளவு எதிர்பார்ப்பு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்கே போனேன். அதே தொப்பூர் வழி.

தொடக்கக் காட்சி சாதாரணமானதல்ல. வில்லனாக வரும் கிறிஸ்டியன் பேல் பாலைவனத்தில் மகளைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார், கடவுளிடம் தண்ணீர் கேட்கிறார், குழந்தை இறந்துவிடுகிறது. கும்பிட்ட கடவுளோ சோலையில் விருந்து தின்றுகொண்டு அவரைப் பார்த்துச் சிரிக்கிறார். தண்ணீருக்காக ஏங்கிய மாவட்டத்துக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காவிரி எங்கள் ஒகேனக்கல்லில் கொட்டுகிறது, நாங்கள் குடித்தது ஃபுளோரைடு கலந்த போர்வெல் தண்ணீர். என் முன்பற்களில் பழுப்புக் கறை இன்றும் இருக்கிறது, பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தபோது பான் போடுகிறவன் என்றே நினைத்தார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் வந்தது. அதற்குள் என் பள்ளிப் பருவமே முடிந்துவிட்டது. இன்றும் எங்கள் தெருக் குழாயில் நினைத்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் அந்தக் காட்சி என்னை இங்கேதான் கொண்டுவந்து விட்டது.

சரி, படத்துக்கு வருகிறேன். அப்படி ஒரு சாவைக் காட்டிவிட்டு, கொஞ்ச நேரத்தில் இரண்டு ஆடுகள் அலறத் தொடங்குகின்றன. பிறகு படம் முழுக்க அலறல்தான். ஜேனுக்கு நான்காம் நிலைப் புற்றுநோய் என்கிறார்கள். கீமோ ஏறும் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருப்பதைக் கொஞ்ச நேரம் காட்டுகிறார்கள். ஜேனாக நடித்த நடாலி போர்ட்மேன் முகத்தில் அந்தக் களைப்பு சரியாக இருந்தது, என் கை சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஆனால் வலி நமக்குள் இறங்குவதற்குள் ஒரு ஜோக்கைப் போட்டு அதைக் கலைத்துவிடுகிறார்கள். அம்மாவும் ஜோக் அடித்தார். அடித்துவிட்டுத் துண்டைக் கேட்டார். இந்தப் படத்தில் யாரும் அந்தத் துண்டைக் கேட்கவில்லை.

"நோயாளிகளும் சிரிக்கத்தானே வேண்டும்" என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். சிரித்தோம், அந்த வார்டில் எங்களைவிட அதிகமாக யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். வலி போய்விட்டது என்று நடித்துக்கொண்டு மட்டும் சிரிக்கவில்லை.

அக்கா மகனுக்கு அப்போது எட்டு வயது. அவனுக்குப் படம் பிடித்திருந்தது, ஆடு கத்தும்போதெல்லாம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அதை நான் தப்பு சொல்லவில்லை. இன்றும் லீவுக்கு வந்தால் டிவியில் அதைத்தான் போடுவான். கீமோ நாற்காலிக் காட்சி வரும்போது மட்டும் போய் அவன் பக்கத்தில் உட்காருவேன். அது முடிந்ததும் எழுந்துவிடுவேன்.