மினிடம்ப் ஃபோல்டர் காலியாக இருப்பதும் ஒரு தடயம்தான்

கேள்வி: கேம் ஆடும்போது திரை கறுத்து, கம்ப்யூட்டர் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. நீலத் திரை வருவதில்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ மட்டும் இருக்கிறது, விபத்து விவரக் கோப்புகள் (டம்ப்) சேரும் மினிடம்ப் ஃபோல்டர் காலி. வெப்பநிலையைக் கவனிக்க மூன்று மென்பொருள்கள் போட்டிருக்கிறேன். எதுவும் 75 டிகிரியைத் தாண்டிக் காட்டவில்லை. காரணத்தை எப்படிப் பிடிப்பது? விண்டோஸ் 11 வைத்திருக்கிறேன்.

பதில்: 41-ஐப் பார்த்ததும் பலர் பவர் சப்ளையை மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பதிவு விபத்து நடந்த நொடியில் எழுதப்பட்டதல்ல. விண்டோஸ் மறுபடி எழுந்ததும், போன தடவை முறையாக மூடப்படவில்லை என்று தெரிந்து எழுதி வைக்கிற குறிப்பு, அவ்வளவுதான்.

அதைத் திறந்து ‘டீடெயில்ஸ்’ பகுதியில் ‘பக்செக் கோட்’ என்ற பிழை எண் என்ன என்று பாருங்கள். 0 அல்லாத எண் இருந்தால் விண்டோஸே பிழையைக் கண்டு நின்றிருக்கிறது. இங்கே எண் பத்தடிமானத்தில் இருக்கும், நீலத் திரையில் பதினாறடிமானத்தில் வரும். அதனால் இங்கே 292 என்று இருந்தால் இணையத்தில் 124 என்று தேட வேண்டும். அது வன்பொருள் பிழை. 0 என்றே இருந்தால், என்ன நடந்தது என்று விண்டோஸுக்கே தெரியாது. மின்சாரம் அறுந்திருக்கலாம், அல்லது விண்டோஸைக் கேட்காமலே மதர்போர்டோ பிராசஸரோ ரீசெட் ஆகியிருக்கலாம்.

டம்ப் ஏன் இல்லை என்பதும் இங்கிருந்துதான் புரியும். நீலத் திரை வரும்போது விண்டோஸ் வழக்கமான டிரைவர்களை நம்புவதில்லை. சேமிப்பகத்துக்கென்று தனியாக ஏற்றி வைத்திருக்கும் டம்ப் டிரைவர் மூலம் நினைவகத்தின் நகலை சி டிரைவில் உள்ள பேஜ் ஃபைலில், அதாவது ரேமுக்குத் துணையாக விண்டோஸ் வைத்திருக்கும் கோப்பில், கொட்டுகிறது. அடுத்த முறை எழுந்த பிறகுதான் அது தனிக் கோப்பாகிறது. பேஜ் ஃபைலை நிறுத்தி வைத்திருந்தால், அல்லது அந்த நொடியில் எஸ்.எஸ்.டி.யே காணாமல் போயிருந்தால், கோப்பு வராது. டிஸ்க்கைச் ‘சுத்தம்’ செய்யும் மென்பொருள்கள் பழைய டம்ப்களை அழித்துவிடுவதும் உண்டு.

ஆகவே முதலில் பதிவுக் கருவியையே சோதித்துப் பாருங்கள். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ‘நாட் மை ஃபால்ட்’ என்ற சிறு நிரல் இருக்கிறது. வேண்டுமென்றே விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை விழவைக்கும். திறந்திருக்கும் வேலைகளையெல்லாம் சேமித்துவிட்டு இயக்குங்கள். டம்ப் உருவானால் உங்கள் அமைப்பு சரி, அசல் விபத்து விண்டோஸுக்குக் கீழே நடக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். உருவாகவில்லை என்றால் இத்தனை நாள் பார்த்த காலி ஃபோல்டருக்கு எந்த அர்த்தமும் இல்லை. பேஜ் ஃபைலைச் சரிசெய்துவிட்டு அடுத்த விபத்துக்குக் காத்திருங்கள்.

அப்புறம் ஈவன்ட் வியூவரில் வன்பொருள் பிழைகளைக் குறித்து வைக்கும் ‘டபிள்யூ.ஹெச்.இ.ஏ.-லாகர்’ பதிவுகளைத் தேடுங்கள். பிராசஸருக்குள் பிழை விவரத்தை வைத்துக்கொள்ளும் ரெஜிஸ்டர்கள் இருக்கின்றன. மின்சாரம் அறாமல் வெறும் ரீசெட் மட்டும் நடந்தால் அவற்றில் இருப்பது பொதுவாகத் தப்பிவிடும். அடுத்த பூட்டில் விண்டோஸ் அதைப் படித்து 18 என்ற எண்ணில் எழுதும். அந்தப் பதிவில் உள்ள ‘ஏ.பி.ஐ.சி. ஐடி’, அதாவது பிராசஸரின் எந்தக் கோர் என்று காட்டும் எண், ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருந்தால் சந்தேகம் அந்த ஒரு கோர் மீது. 17, 19 என்பவை திருத்தப்பட்ட பிழைகள். உடனே ஆபத்தில்லை, ஆனால் குவிந்தால் விடாதீர்கள்.

75 டிகிரி கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இந்த மென்பொருள்கள் ஓரிரு நொடிக்கு ஒரு முறைதான் சென்சாரைப் படிக்கின்றன. கிராஃபிக்ஸ் கார்டு இழுக்கும் மின்சாரம் மில்லிநொடிக்கும் குறைவான நேரத்தில் எகிறி இறங்கிவிடும். 2022-இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 என்ற வடிவமைப்பு விதி, பவர் சப்ளை தன் திறனைப் போல இரு மடங்கு சுமையை 100 மைக்ரோநொடி தாங்க வேண்டும் என்று கேட்பதே இதற்காகத்தான். போதாததற்கு, லாக் கோப்பின் கடைசிச் சில வரிகள் டிஸ்க்குக்குப் போவதற்கு முன்பே இயந்திரம் விழுந்திருக்கும்.

மூன்றில் இரண்டை இப்போதே நீக்குங்கள். ஒவ்வொன்றும் கெர்னலுக்குள் தன் டிரைவரை ஏற்றி, ஒரே சென்சார் சிப்போடு பேசுகிறது. நன்றாக எழுதப்பட்டவை பொதுவான பூட்டு ஒன்றை வைத்து முறை போட்டுப் பேசும். மற்றவை குறுக்கே புகுந்து தப்பான அளவைக் காட்டும், சில சமயம் இயந்திரத்தையே உறைய வைக்கும். ‘வின்ரிங்0’ என்ற பழைய டிரைவரைச் சுமக்கும் கருவி என்றால் பாதுகாப்புக் காரணத்துக்காகவும் அதைத் தூக்கிவிடலாம்.

இனி மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில், ரேமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் ஓவர்கிளாக்கை, அதாவது எக்ஸ்.எம்.பி.யை, அணைத்துவிட்டு அதே கேமை ஆடுங்கள். விபத்து நின்றால் ரேமின் வேகத்தில் கோளாறு. நிற்காமல் 18-உம் வந்தால் பிராசஸர் அல்லது மதர்போர்டு. 18 வராமல், பக்செக் கோடும் 0 என்றே இருந்தால், அப்போது யாரிடமாவது நல்ல பவர் சப்ளை ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள்.