கியர் மேல் பழி, குற்றம் கிளட்சில்: பைக் கேள்வி - பதில்

கிளட்ச், கியர் பாக்ஸ் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். பெரும்பாலானவை கியரைக் குறை சொல்கின்றன. படித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் கிளட்ச் சம்பந்தப்பட்டவை. இங்கே சொல்வதெல்லாம் எஞ்சின் ஆயிலிலேயே மூழ்கி ஓடும் பல தட்டு கிளட்சுக்குப் பொருந்தும். இன்று ஓடும் பைக்குகளில் மிகப் பெரும்பாலானவை அந்த வகைதான்.

கேள்வி: மேட்டில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகர மறுக்கிறது. பிளேட் போய்விட்டது, செட்டையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். உடனே மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டியதாகவே இருக்கலாம். ஆனால் கவரைக் கழற்றுவதற்கு முன் ஐந்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது. கிளட்ச் லிவரின் நுனியை ஒரு விரலால் மெதுவாக இழுங்கள். கேபிள் இறுகி, கையில் பாரம் தட்டும் இடம் வரைக்கும் நுனி எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேலை வைத்துப் பாருங்கள். இதுதான் ஃப்ரீ பிளே. பெரும்பாலான வண்டிகளுக்கு 10 முதல் 20 மி.மீ. சில கம்பெனிகள் நுனியில் அளக்காமல், லிவரின் அடிப்பகுதிக்கும் அதன் ஹோல்டருக்கும் நடுவே 2 - 3 மி.மீ. இடைவெளி என்று சொல்லும். உங்கள் வண்டிக்கு எது என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளேட் தேயத் தேய இந்த ஃப்ரீ பிளே குறைந்துகொண்டே வரும், அதிகமாகாது. தட்டுகள் மெலிய மெலிய, அவற்றை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், லிவரை இழுத்தால் அதைத் தள்ளும் பாகத்தை நெருங்கி வருவதால் இப்படி ஆகிறது. ஃப்ரீ பிளே சுத்தமாக இல்லாமல் போனால், லிவரை யாரும் தொடாதபோதே அதைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தது போன்ற நிலையில் கிளட்ச் இருக்கும். ஸ்பிரிங்கின் முழுப் பலமும் தட்டுகளுக்குப் போய்ச் சேராது. நல்ல பிளேட்டும் நழுவும், நழுவிக்கொண்டே ஓடினால் சில நாளில் அதுவும் கருகிவிடும். அதனால் முதலில் கேபிளைத் தளர்த்தி அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

பிறகு டாப் கியரில் 40 - 50 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரைச் சட்டென்று முழுக்கத் திறந்து பாருங்கள். வேகம் ஏறாமல் ஆர்.பி.எம். மட்டும் எகிறினால் நழுவல் இன்னும் இருக்கிறது. அடுத்து ஆயிலைச் சந்தேகப்படுங்கள். அதுவும் சரி என்றால் கவரைக் கழற்றலாம், மெக்கானிக் சொன்னது சரிதான்.

கேள்வி: காருக்கு வாங்கிய சின்தெடிக் ஆயில் மிச்சம் இருந்தது, கிரேடும் ஒன்றே என்பதால் பைக்கில் ஊற்றினேன். நூறு கி.மீ. கூட ஓடவில்லை, கிளட்ச் நழுவுகிறது. பிளேட் வீணாகிவிட்டதா?

பதில்: கிரேடு என்பது ஆயில் எவ்வளவு கெட்டி என்று மட்டும்தான் சொல்லும். கார் எஞ்சினில் கிளட்ச் ஆயிலுக்குள் இல்லை என்பதால், எரிபொருள் சிக்கனத்துக்காக அந்த ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் கலவை சேர்ப்பார்கள். உங்கள் கிளட்ச் ஓடுவதே உராய்வால். டப்பாவில் ஜாசோ (ஜப்பானிய வாகனத் தரம்) எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று போட்டிருக்க வேண்டும். எம்.ஏ. என்பதை எம்.ஏ.1, எம்.ஏ.2 என்று 2006-இல் பிரித்தார்கள். உராய்வு அதிகம் தருவது எம்.ஏ.2. ஜாசோ எம்.பி. என்று போட்டிருந்தால் அது ஆயிலில் கிளட்ச் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு. அதைக் கியர் பைக்கில் ஊற்றாதீர்கள்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது அந்த ஆயிலை முழுக்க இறக்கிவிட்டு எம்.ஏ.2 ஊற்றுங்கள். நிதானமாக 100 - 200 கி.மீ. ஓட்டிவிட்டு அதையும் இறக்கி மறுபடி புது ஆயில், புது ஃபில்டர். கொஞ்ச தூரமே நழுவியிருந்தால் பல நேரம் இதிலேயே பிடிப்பு திரும்பும். திரும்பாவிட்டால் பிளேட் மாற்றம்தான்.

கேள்வி: எஞ்சின் ஓடும்போது சிக்னலில் நியூட்ரல் விழுவதே இல்லை. முதலுக்கும் இரண்டாவதுக்குமாகத் தாவுகிறது. எஞ்சினை அணைத்தால் உடனே விழுகிறது. கியர் பாக்ஸைப் பிரிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். எஞ்சின் நின்றதும் நியூட்ரல் விழுகிறது என்றால் கியர் பாக்ஸ் நன்றாகவே இருக்கிறது. லிவரை முழுக்கப் பிடித்த பிறகும் கிளட்ச் தட்டுகள் முழுசாகப் பிரியாமல் இழுக்கின்றன. அந்த இழுப்பில் கியர் பற்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நிற்பதால் உங்கள் காலால் அவற்றை விலக்க முடிவதில்லை.

ஃப்ரீ பிளே 25 - 30 மி.மீ. என்று அதிகமாக இருந்தால் லிவர் ஹேண்டில் பாரைத் தொட்டாலும் தட்டுகள் பிரியப் போதுமான தூரம் கிடைக்காது. கேபிள் நார் நாராகப் பிரிந்து நீண்டிருந்தாலும் இதே கதைதான். இவை இரண்டும் சரி, ஆயிலும் சரியான கிரேடு, அளவுக்கு மேல் ஊற்றவில்லை என்றால் உள்ளே இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று, வளைந்த ஸ்டீல் பிளேட். இன்னொன்று, தட்டுகள் உட்கார்ந்திருக்கும் வெளிக் கூடையான கிளட்ச் அவுட்டரின் விரல்கள்.

இரண்டாவதைப் பலர் பார்ப்பதே இல்லை. ஃப்ரிக்ஷன் பிளேட்டின் (உராய்வுப் பூச்சு உள்ள தட்டு) ஓரத்தில் துருத்தும் காதுகள் அவுட்டரின் அலுமினிய விரல்களில் ஆயிரக்கணக்கான முறை மோதி, ஒவ்வொரு காதுக்கும் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். நகத்தை விரலின் ஓரமாக மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள், படிக்கட்டில் இறங்குவது போல நகம் தடுக்கித் தடுக்கி இறங்கும். லிவரைப் பிடிக்கும்போது பிளேட் நழுவி நகர வேண்டிய பாதை அது. பள்ளத்தில் சிக்கிய பிளேட் நகராது, இழுத்துக்கொண்டே இருக்கும். பள்ளம் லேசாக இருந்தால் சன்ன அரத்தால் நேராகத் தேய்த்துச் சமப்படுத்தலாம். அரை மி.மீ.க்கு மேல் ஆழம் என்றால் அவுட்டரை மாற்றுங்கள். தேய்த்தே தீர வேண்டும் என்று விரலை மெலிய வைத்தால் காதுக்கும் விரலுக்கும் இடைவெளி கூடி, மோதல் முன்பைவிடப் பலமாகும்.

சில வாரம் நிறுத்தி வைத்த வண்டியில் மட்டும் முதல் நாள் இப்படி இருந்தால் பயப்பட வேண்டாம். தட்டுகளுக்கு நடுவே ஆயில் பிசினாகிப் பிடித்திருக்கும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி அணைத்து, கியரில் போட்டு, லிவரைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் விட்டுவிடும்.

கேள்வி: கிளட்ச் பிளேட்டை நானே மாற்ற விரும்புகிறேன். கருவிகள் ஓரளவு இருக்கின்றன. எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: பொறுமை உள்ளவர் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. வாங்க வேண்டியவை: ஃப்ரிக்ஷன் பிளேட் செட், ஸ்பிரிங் செட், கிளட்ச் கவர் பேக்கிங், டிரெய்ன் போல்ட் வாஷர், ஆயில், ஃபில்டர். ஸ்டீல் பிளேட்டை அளந்து பார்த்த பிறகு வாங்கலாம். கருவிகளில் தடிமன் அளக்கும் வெர்னியர், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ், குறைந்த இறுக்க அளவையும் காட்டும் டார்க் ரெஞ்ச் மூன்றும் கட்டாயம்.

முந்தின இரவே புது ஃப்ரிக்ஷன் பிளேட்களை, ஊற்றப்போகும் அதே ஆயிலில் முழுக்க ஊற வையுங்கள். அவசரம் என்றாலும் இரண்டு மணி நேரமாவது வேண்டும். காய்ந்த பிளேட்டைப் போட்டு ஸ்டார்ட் செய்தால் ஆயில் போய்ச் சேருவதற்குள் மேற்பரப்பு கருகிவிடும்.

எஞ்சின் ஆறியிருக்கட்டும். ஆயிலை இறக்கி, கேபிளைத் தளர்த்தி, கவர் போல்ட்களைக் கழற்றுங்கள். போல்ட்கள் ஒரே நீளம் இல்லை. ஓர் அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, எந்த ஓட்டையில் இருந்ததோ அதே இடத்தில் குத்தி வைத்துவிடுங்கள். நீளமான போல்ட் குட்டை ஓட்டைக்குள் போனால் கேஸ் விரியும், குட்டை போல்ட் நீள ஓட்டைக்குப் போனால் மரை பிய்யும். கவர் ஒட்டிக்கொண்டிருந்தால் பிளாஸ்டிக் சுத்தியலால் ஓரத்தில் தட்டுங்கள். இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பினால் அந்தக் கீறல் வழியே ஆயில் ஒழுகிக்கொண்டே இருக்கும். கவரை எடுக்கும்போது அதை இடம் பிசகாமல் நிறுத்தும் இரண்டு டவல் பின்கள் கீழே விழுந்து உருளும், கண் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் போல்ட்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். பிளேட்களை எடுக்கும் வரிசையிலேயே அடுக்கி, ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். சில வண்டிகளில் உள்பக்கத்து ஃப்ரிக்ஷன் பிளேட் மட்டும் உள் விட்டத்தில் பெரிதாக, அதற்குள் ஒரு மெல்லிய வளைந்த ஸ்பிரிங் வளையமும் ஒரு தட்டை வளையமும் இருக்கும். வண்டி எடுக்கும்போது உதறாமல் இருக்க வைத்தது அது. எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று குறித்துக்கொள்ளாமல் எடுத்தால் திரும்பப் போடும்போது திண்டாட்டம்தான்.

ஃப்ரிக்ஷன் பிளேட்டை வெர்னியரில் நாலு இடத்தில் அளந்து கையேட்டில் உள்ள தேய்மான எல்லை அளவோடு ஒப்பிடுங்கள். புதிதில் ஏறத்தாழ 3 மி.மீ. இருக்கும் பிளேட்டுக்கு, ஒரு மி.மீ.யில் பத்தில் சில பங்கு தேய்ந்தாலே காலம் முடிந்தது. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது என்று திரும்பப் போடுவது வீண் வேலை. ஸ்டீல் பிளேட்டைச் சமமான கண்ணாடி மேல் வைத்து ஓரத்தில் ஃபீலர் கேஜை நுழையுங்கள். பல வண்டிகளுக்கு 0.2 முதல் 0.3 மி.மீ. தாண்டினால் மாற்ற வேண்டும். நீலம் பாய்ந்திருந்தால் அளக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஸ்பிரிங்கின் நீளத்தையும் அளந்து, ஒன்று குட்டையாகியிருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள்.

மாட்டும்போது முதலிலும் முடிவிலும் ஃப்ரிக்ஷன் பிளேட், நடுவில் மாறி மாறி ஸ்டீல். கடைசி ஃப்ரிக்ஷன் பிளேட்டின் காதுகள் சில மாடல்களில் மற்றவற்றின் வரிசையில் வராது, பக்கத்தில் இருக்கும் ஆழமில்லாத தனிப் பள்ளத்தில் உட்காரும். பிரஷர் பிளேட்டின் பற்கள் சென்டரின் (ஸ்டீல் பிளேட்கள் மாட்டி நிற்கும் நடுப்பாகம்) பற்களுக்குள் இறங்கி உட்கார்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டே போல்ட் போடுங்கள். உட்காராமல் இறுக்கிவிட்டால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும், வண்டி மட்டும் நகராது. 6 மி.மீ. மரையுள்ள ஸ்பிரிங் போல்ட்டுக்கு வழக்கமாக 10 - 12 நியூட்டன் மீட்டர் போதும். கை பலத்தைக் காட்டினால் அது நிற்கும் அலுமினியத் தூண் முறிந்து, சென்டரே புதிதாக வாங்க நேரும்.

கையேட்டில் ஆயிலுக்கு இரண்டு அளவு இருக்கும், ஆயில் மாற்றத்துக்கு ஒன்று, எஞ்சினை முழுக்கப் பிரித்தால் ஒன்று. உங்களுக்குச் சின்ன அளவு. ஊற்றி மூன்று நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, மூன்று நிமிடம் கழித்து வண்டியை நேராக நிறுத்தி அளவு பாருங்கள். புது பிளேட் படிந்து உட்காரும் என்பதால் 200 - 300 கி.மீ.க்குப் பிறகு ஃப்ரீ பிளேயை மறுபடி சரிபார்க்க மறக்காதீர்கள்.

கேள்வி: இரண்டாவது கியர் போட்டு முறுக்கினால் தானாகவே கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. வெளியிலிருந்து டைட் செய்ய முடியுமா?

பதில்: முடியாது. முதலில் கியர் லிவர் எதிலாவது இடித்து முழுத் தூரம் போகாமல் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் கோளாறு உள்ளே.

பைக்கில் கியர் பற்கள் எப்போதும் கோத்தபடியே சுற்றுகின்றன. கியர் மாற்றுவது என்பது ஒரு கியரைப் பக்கவாட்டில் நகர்த்தி, அதன் பக்கத்தில் துருத்தி நிற்கும் கட்டைகளை அடுத்த கியரின் ஓட்டைகளில் கோப்பது. பட்டறையில் இவற்றை டாக் என்பார்கள். பாரம் ஏறும்போது ஒன்றையொன்று உள்ளே இழுத்துக்கொள்ளும்படி டாக்கின் முகம் லேசாக உள்சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். அரைகுறையாக மாற்றிய ஒவ்வொரு கியரும் அந்த முனையைக் கொஞ்சம் மழுங்கடிக்கிறது. முனை உருண்டுவிட்டால் பாரம் ஏற ஏற அது வெளியே தள்ளும். முறுக்கும்போது கழன்றால் டாக்கின் முன்முகம் போயிருக்கிறது, ஆக்சிலேட்டரை விடும்போது கழன்றால் மறுமுகம்.

எஞ்சின் கேஸை இரண்டாகப் பிளக்காமல் இதைச் சரி செய்ய முடியாது. பிளந்த பிறகு, கோக்கும் இரண்டு கியர்களையும் ஜோடியாக மாற்றுங்கள். பழையதோடு சேர்ந்த புதியது சீக்கிரமே மழுங்கும். கூடவே கியரைப் பக்கவாட்டில் நகர்த்தும் ஃபோர்க்கை எடுத்துப் பாருங்கள். நுனி நீலம் பாய்ந்திருந்தாலோ, கியரின் பள்ளத்துக்கும் ஃபோர்க் நுனிக்கும் இடைவெளி அளவு மீறியிருந்தாலோ (பல வண்டிகளுக்கு எல்லை 0.5 மி.மீ.) அதுவும் மாற வேண்டும். ஃபோர்க்கை விட்டுவிட்டுக் கியரை மட்டும் மாற்றினால் இந்தச் செலவெல்லாம் மறுபடி வரும். அதுவரை அந்தக் கியரில் அழுத்தி ஓட்டாதீர்கள்.

கேள்வி: ஒரு கியர் போட்டதும் லிவர் திரும்பி வருவதில்லை. காலால் தூக்கிவிட வேண்டியிருக்கிறது.

பதில்: கியர் ஷாஃப்டின் ரிட்டர்ன் ஸ்பிரிங் உடைந்திருக்கும், அல்லது அது மாட்டி நிற்கும் முளை (பின்) தளர்ந்திருக்கும். பல வண்டிகளில் இது கிளட்சுக்குப் பின்னால் இருப்பதால் கேஸைப் பிளக்க வேண்டியதில்லை. வண்டி ஒருமுறை சாய்ந்து விழுந்த பிறகு தொடங்கியது என்றால் ஷாஃப்ட் வளைந்து கவரில் உரசுகிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: ஆயில் மாற்றும்போது டிரெய்ன் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. ஆபத்தா?

பதில்: இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். விபூதியைக் குழைத்தது போல மழமழவென்று இருந்தால் அது வழக்கமான தேய்மானம், துடைத்துவிட்டுப் போடுங்கள். நெருடினால், ஒரு முனை, ஒரு விளிம்பு என்று உருவம் தெரியும் துண்டாக இருந்தால், அது டாக்கிலோ பல்லிலோ பெயர்ந்தது. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். காந்தத்தில் ஒட்டாத பழுப்புத் துகளும் கருகிய நாற்றமும் ஆயிலில் இருந்தால் அது கிளட்ச் பிளேட்.

கேள்வி: கிளட்ச் கேபிள் சில மாதங்களுக்கு ஒருமுறை அறுகிறது, எப்போதும் லிவர் பக்கத்திலேயே. தரமான கேபிள்தான் போடுகிறேன்.

பதில்: கேபிளை விட்டுவிட்டு லிவரைப் பாருங்கள். கேபிள் முனையில் உள்ள உலோகக் குண்டு லிவரின் ஓட்டையில் தாராளமாகச் சுழல வேண்டும். அந்த ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்தோ துருப்பிடித்தோ இருந்தால் குண்டு சுழலாது. அது சுழலாத ஒவ்வொரு முறையும் குண்டை ஒட்டியுள்ள கம்பி மடிந்து நிமிரும், ஓர் இழை அறும், அடுத்த நாள் இன்னொன்று. ஓட்டையைச் சுத்தம் செய்து கிரீஸ் வையுங்கள், தேய்ந்திருந்தால் லிவரையே மாற்றுங்கள்.

ஹேண்டில் பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, கேபிள் எங்கேயும் இறுகவோ நசுங்கவோ செய்கிறதா என்றும் கவனியுங்கள். அட்ஜஸ்டரிலும் அதன் லாக் நட்டிலும் கேபிளை நுழைக்க ஒரு வெட்டு இருக்கும். சரிசெய்து முடித்ததும் அந்த வெட்டுகள் ஒரே நேர்க்கோட்டில் வராமலும், மேல்நோக்கி இல்லாமலும் திருப்பி வையுங்கள். மேல்நோக்கி நின்றால் மழைத் தண்ணீர் நேராக உறைக்குள் இறங்கி, கேபிள் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.