சீன மருத்துவக் கல்லூரியில் ஐந்தாண்டுகள்: எங்கே தடுமாறுவார்கள், பட்டம் எப்படிக் கிடைக்கும்?

கேள்வி: சீனப் பாரம்பரிய மருத்துவத்தில் ஐந்தாண்டுப் பட்டம் படிக்கப் போகிறவர் எதற்கெல்லாம் தயாராக வேண்டும்? கடைசியில் தேர்வு எப்படி இருக்கும்?

பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு நகரங்களில் 1956-இல் தொடங்கிய கல்லூரிகளின் பாடமுறையை வைத்துச் சொல்கிறேன். மற்ற கல்லூரிகளும் பெரும்பாலும் இதே வழியில்தான் நடத்துகின்றன. கடைசி ஓராண்டு முழுக்க மருத்துவமனைப் பயிற்சி. அதற்கு முந்தைய ஆண்டுகளில் உடற்கூறியல், உடலியங்கியல், நோயியல், மருந்தியல் ஆகிய நவீன பாடங்களும் கணிசமாக உண்டு. மூலிகையும் அக்குபங்சர் ஊசியும் மட்டுமே என்று நினைத்து வராதீர்கள்.

முதல் முட்டுக்கட்டை மொழி. சீனவழி வகுப்புகளுக்கு எச்எஸ்கே என்ற சீனமொழித் தேர்வின் நான்காம் நிலையைப் பல இடங்களில் கேட்பார்கள். கடைவீதியில் பேச அது போதும், வகுப்புக்குப் போதாது. ஹுவாங்தி நெய்ஜிங், ஷாங்ஹான்லுன் போன்ற மூலநூல்கள் பழஞ்சீனத்தில் உள்ளவை. நாளிதழ் படிக்கத் தெரிந்தவர் கையில் உரையில்லாத சங்கப் பாட்டைக் கொடுத்தால் எப்படி விழிப்பாரோ, அப்படித்தான் இருக்கும். மருத்துவப் பழஞ்சீனம் தனிப் பாடமாகவே வரும். அதைத் தள்ளிப்போட்டால் மூலநூல் வகுப்பு ஒன்றும் விளங்காது.

ஆனால் நிறையப் பேர் உண்மையில் மூழ்குவது மருந்துக் கலவைப் பாடத்தில். நூற்றுக்கும் மேற்பட்ட கலவைகள், ஒவ்வொன்றிலும் சரக்கு, எடை, எந்த நோய்க்குறிக்கு என்பது எல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். செய்யுளாக்கி ஓதித்தான் படிப்பார்கள். சரக்குப் பெயர் போதும், எடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் பெரிய பிழை. குய்ச்சி கஷாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: லவங்கப்பட்டை மரக் குச்சி 9 கிராம், வெண்பியோனி வேர் 9, அதிமதுரம் 6, இஞ்சி 9, சீன இலந்தை மூன்று பழம். குளிர்க்காற்று பட்டு வியர்வையோடு வரும் காய்ச்சலுக்கு இது. பியோனியை மட்டும் இரட்டிப்பாக்கினால் அதே ஐந்து சரக்குதான், ஆனால் பெயர் வேறு, வயிற்றுவலிக்கான மருந்தாகிவிடும். அருந்தும் முறையும் பாடத்தின் பகுதிதான்: குடித்த பின் சூடான நீர்த்த கஞ்சி குடித்துப் போர்த்திக்கொள்ள வேண்டும், உடல் லேசாக வியர்க்க வேண்டும், ஒழுகக் கூடாது. தேர்வில் இதைக் கேட்பார்கள்.

மருந்தறையில் சிறு தராசால் நிறுத்துக் கட்டப் பழக்குவார்கள். ஒரு பொட்டலத்துக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. சரக்கை அடையாளம் காணும் வகுப்பைச் சலிப்பென்று தவிர்க்காதீர்கள். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியும் மருந்தில் ஃபாங்ஜி என்ற மூலிகையின் பெயரால் வேறொரு செடியின் வேர் கலந்துபோய்ப் பல பெண்களின் சிறுநீரகம் கெட்டது. அதிலிருந்த அரிஸ்டோலோகிக் அமிலமே காரணம். பெயர் ஒன்று, செடி வேறு என்ற சிக்கல் இந்தப் படிப்பு முழுக்கத் தொடரும். வச்சநாபி இனத்துக் கிழங்கான ஃபூட்சு சேர்ந்த கஷாயத்தில் அதை மட்டும் முன்கூட்டியே அரை மணி முதல் ஒரு மணி நேரம் வேகவைக்க வேண்டும். நச்சு அப்போதுதான் தணியும். புதினாவையோ கடைசி ஐந்து நிமிடத்தில்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் மணம் போய்விடும்.

நாடிக்குச் சித்த மருத்துவத்தில் போலவே மூன்று விரல். அதனால் தமிழ் மாணவர் குழம்புவார். இங்கே வாதம், பித்தம், கபம் இல்லை. இடக்கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம்; வலக்கையில் நுரையீரல், மண்ணீரல், மீண்டும் சிறுநீரகம். நடுவிரலை மணிக்கட்டு எலும்புமுனைக்கு நேரே முதலில் வைத்து, பிறகுதான் மற்ற இரண்டையும் வைக்க வேண்டும். பழக்கத்தில் ஆள்காட்டி விரல் முந்தினால் மூன்று இடமும் தவறிப்போகும்.

ஊசியை முதலில் மடித்த காகிதத் திண்டிலும் பஞ்சுருண்டையிலும் குத்திப் பழகி, பிறகு சொந்தக் காலில். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே உள்ள சூசான்லிதான் வழக்கமான தொடக்கப் புள்ளி. தோள்மேட்டு ஜியான்ஜிங் புள்ளியில் நேராக ஆழமாகக் குத்தவே கூடாது. அடியில் நுரையீரல் முனை இருக்கிறது. காற்று கசிந்து நுரையீரல் சுருங்கிவிடும். நோயாளிக்கு மயக்கம் வந்தால் எல்லா ஊசியையும் எடுத்துவிட்டு, படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள்.

பட்டத்துக்கு எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. பல இடங்களில் ஆய்வுக் கட்டுரையும் கேட்பார்கள். செய்முறையில் நோயாளி வரலாற்றிலிருந்து நோய்க்குறி கண்டு எடையோடு மருந்து எழுத வேண்டும், ஊசி குத்தும் புள்ளிகளைக் காட்ட வேண்டும், நவீன முறையில் உடல் பரிசோதனையும் செய்துகாட்ட வேண்டும். பயிற்சி ஆண்டில் நோயாளிக் குறிப்புகளைத் தானே எழுதாமல் வேடிக்கை பார்த்தவர்கள் இங்கேதான் திணறுவார்கள்.

பட்டம் வேறு, உரிமம் வேறு. சீனாவில் பட்டத்துக்குப் பின் ஓராண்டு மேற்பார்வையில் பணியாற்றி மருத்துவர் தகுதித் தேர்வு எழுத வேண்டும். எழுத்துத் தேர்வில் 600-க்கு 360 எடுத்தால் தேர்ச்சி. சிங்கப்பூரில் சீன மருத்துவர்களுக்குத் தனி வாரியம் உண்டு. மலேசியாவில் 2016-ஆம் ஆண்டுப் பாரம்பரிய மருத்துவச் சட்டத்தின்படி பதிவு செய்ய வேண்டும். இந்தியாவில் இது எம்பிபிஎஸ்ஸுக்கு நிகரில்லை. சித்தா, ஆயுர்வேதம், யுனானி, சோவா-ரிக்பா ஆகியவற்றுக்கான தேசிய ஆணையத்தின் கீழும் சீன மருத்துவம் வராது. எந்த நாட்டில் தொழில் செய்யப் போகிறீர்களோ, அந்த நாட்டுப் பதிவு விதியைச் சேர்க்கைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.