108 மெகாபிக்சல் போன் இருக்கும்போது பழைய 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர் எதற்கு?

போனில் ராத்திரிப் படம் சுமாராக வருகிறது, அப்பாவின் பழைய டிஎஸ்எல்ஆரை (லென்ஸை மாற்றக்கூடிய பெரிய கேமராவை) விற்றுவிடலாமா, படத்தின் தரத்தை உண்மையில் எது தீர்மானிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். விற்க வேண்டாம். தரத்தைத் தீர்மானிப்பது வெளிச்சம். எவ்வளவு வெளிச்சம் சென்சாரில் (வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லில்) விழுந்தது, விழுந்ததைக் கேமரா என்ன செய்தது என்பதுதான் முக்கியம். மெகாபிக்சலெல்லாம் அதற்கு அப்புறம்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் படம் எடுக்கிறேன். பகல் வெயிலில் காவடியை எடுத்தால், வாட்ஸ்அப்பில் பார்க்கிறவர்களுக்குப் போன் படம் எது, கேமரா படம் எது என்று தெரியாது. ராத்திரி தீமிதியில்தான் குட்டு வெளிப்படும். போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கும். அசையாமல் நிற்கும் கோபுரத்துக்கு அது அருமையான வேலை. ஆனால் நெருப்பில் ஓடுகிறவரின் கால் கலங்கிவிடும். வெளிச்சம் போதாமல் வரும் புள்ளிகளை மென்பொருள் துடைக்கும்போது, மஞ்சள் பூசிய முகம் மெழுகுபோல் ஆகிவிடும். பெரிதாக்கிப் பாருங்கள்: சேலையின் ஜரிகை தனித்தனிக் கோடாக இருக்காது, ஒரே மஞ்சள் பட்டையாக இருக்கும்.

மெகாபிக்சல் எவ்வளவு தேவை? 12 மெகாபிக்சல் என்றால் 4000-க்கு 3000 புள்ளிகள் (பிக்சல்கள்). அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடித்தாலும் 13 அங்குல அகலம் வரும். கல்யாண ஆல்பத்துக்கு அது தாராளம். உங்கள் 108 மெகாபிக்சல் போனும் சாதாரணமாக 9 பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது.

2015-இல் வந்த ஐபோன் 6எஸ், 2021-இல் வந்த 13 ப்ரோ, இரண்டின் முதன்மைக் கேமராவும் 12 மெகாபிக்சல்தான். ஆனால் ஒரு பிக்சலின் அகலம் 1.22 மைக்ரானிலிருந்து 1.9 ஆனது. லென்ஸ் திறப்பு எஃப்/2.2-இலிருந்து எஃப்/1.5 ஆனது (இந்த எண் குறையக் குறையத் திறப்பு பெரிது). இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், அதே நேரத்தில் ஒரு பிக்சலில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய 5 மடங்கு. எண் மாறவே இல்லை, படம் எங்கேயோ போய்விட்டது.

இப்போது அப்பாவின் கேமரா. 108 மெகாபிக்சல் சென்சாரில் பெரிய வகையே ஏறக்குறைய 9.6-க்கு 7.2 மில்லிமீட்டர். சாதாரண டிஎஸ்எல்ஆரில் இருப்பது 23.5-க்கு 15.6. பரப்பளவில் 5 மடங்குக்கு மேல். இருந்தும் அதோடு வந்த 18-55 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸில் காட்சியைக் கிட்டே இழுத்து எடுத்தால் திறப்பு எஃப்/5.6 ஆகச் சுருங்கிவிடும். அந்த லென்ஸோடு ராத்திரி இறங்கினால் போன் அதை ஜெயித்தாலும் ஆச்சரியமில்லை. இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. பாடியை (லென்ஸ் நீங்கலான கேமராவை) மாற்றப் பணம் சேர்க்கிறார்கள், லென்ஸைத் தொடுவதில்லை.

ஒரு 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸ் வாங்கி மாட்டுங்கள். லென்ஸ்களிலேயே விலை குறைந்த வகைகளில் அது ஒன்று. எஃப்/5.6-ஐவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். பந்தலில் எல்இடி விளக்கு இருந்தால் ஷட்டர் வேகத்தை (வெளிச்சம் உள்ளே விழும் நேரத்தை) 1/100 நொடியில் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். அதைவிட வேகம் வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும்.

வாங்கின லென்ஸைப் பீரோவில் துணிக்குள் சுற்றி வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்துக்குக் கண்ணாடியில் பூஞ்சை பிடித்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், அது போதும்.