வாசகர் கேள்வி–பதில்: லென்ஸ் வரைபடம் லேத்துக்குப் போகும் முன்

கேள்வி: ஆத்தங்குடிக் கல்லில் நிறப்பிசகும் கோட்டுப்பிசகும் பார்க்கும் கேமராவுக்கு ஒரு லென்ஸ் வடிவமைத்திருக்கிறோம். எஃப் எண் 4 (குவியத்தூரத்தைத் துளை விட்டத்தால் வகுத்தது), பிக்சல் 3.45 மைக்ரான், லென்ஸ் குவிக்கும் ஒளிப்புள்ளியின் ஆர்.எம்.எஸ். (வர்க்கச் சராசரி) ஆரம் 3 மைக்ரான். 5 வரை போனாலும் எங்கள் வேலைக்குச் சரி. லென்ஸ் வடிவமைக்கும் ஆப்டிக்ஸ்டுடியோ மென்பொருளிலிருந்து, கேட் (CAD) வரைபடத்துக்குள் லென்ஸைக் கொண்டுபோய்ச் சோதிக்கும் ஆப்டிக்ஸ்பில்டருக்கு மாற்றும்போது புள்ளி அளவு, கற்றை வெட்டுப்படுதல், பிம்பத்தில் கலக்கும் வேண்டாத ஒளி ஆகிய மூன்றும் எவ்வளவு கெடலாம் என்று வரம்பு கேட்கிறது. மூன்றுக்கும் 10 சதவீதம் போட்டுவிடலாமா?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம். மூன்றும் மூன்று விதமான கெடுதல். ஒரே எண் பொருந்தாது.

புள்ளி அளவிலிருந்து தொடங்குங்கள். 3 மைக்ரான் 5 ஆகலாம் என்றால் கையில் இருப்பது 2 அல்ல, 4. தொடர்பில்லாத பிழைகள் வர்க்கத்தில்தான் கூடும்: 25-லிருந்து 9 போனால் 16, அதன் வர்க்கமூலம் 4. இந்த 4 முழுவதையும் கேட் வரைபவருக்கே கொடுத்துவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. லென்ஸ் தேய்ப்பவருக்கும் பொருத்துபவருக்கும் அதில் பங்கு உண்டு. அவர்களுக்கு 3.2 ஒதுக்கினால் மெக்கானிக்கல் பக்கத்துக்கு 2.4 மிஞ்சும். அப்போது புள்ளி 3-லிருந்து 3.84 வரை போகலாம். அதாவது 28 சதவீதம். வரைபடத்திலேயே 5-ஐத் தொட விட்டால், முதல் லென்ஸ் சற்றுக் கோணலாக வந்ததும் கேமரா தேறாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். லென்ஸைப் பிடித்து நிறுத்தும் ரிடெய்னர் ரிங்கின் உதடு கற்றையின் ஓரத்தை வெட்டினால், மோசமாக விழும் ஓரக் கதிர்கள் போய்விடும். புள்ளி சிறுத்து, லென்ஸ் தேறிவிட்டது போலத் தெரியும். ஆகவே புள்ளியைத் தனியாகப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெட்டுக்கு உங்கள் வேலையில் 1 சதவீதம் நியாயமான வரம்பு. 8-பிட் படத்தில் அது உச்ச ஒளியிலேயே இரண்டரைப் படிதான். மூலைப் புலத்தை (படத்தின் மூலைக்குப் போகும் கற்றையை) தனியாகப் பாருங்கள், சராசரி அதை மறைத்துவிடும். கதிர்களின் எண்ணிக்கையும் முக்கியம். 1,000 கதிர்களில் 1 சதவீதம் என்பது 10 கதிர், அதில் மூன்று முன்பின் ஆவது தற்செயலே. 10,000 விட்டால் 100-க்குப் பத்து என்று அடங்கும்.

மாற்றுவதற்கு முன் லென்ஸின் விட்டங்களைத் தானியங்கியில் விட்டுவைக்காதீர்கள். கற்றை படும் அளவிலேயே கண்ணாடி முடிந்துவிடும், பிடிக்க விளிம்பே இருக்காது. சுற்றிலும் 1 முதல் 1.5 மி.மீ. சேர்த்து விட்டத்தை நிலைப்படுத்துங்கள். ஸ்டெப் (STEP) எனும் பொதுவான கேட் கோப்பு மட்டும் அனுப்பினால் வடிவம்தான் போகும். கண்ணாடி வகையும் கோட்டிங்கும் அலைநீளமும் போகா.

வேண்டாத ஒளிக்குத்தான் கடுமையான வரம்பு வேண்டும். ஆத்தங்குடிக் கல் கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கப்படுவதால் முகம் பளபளப்பாக இருக்கும், விளக்கைத் திருப்பி லென்ஸுக்குள் அனுப்பும். ஆனால் ஆப்டிக்ஸ்பில்டரின் சோதனை பார்ப்பது வடிவமைப்பில் உள்ள புலங்களிலிருந்து கிளம்பும் கதிர்களை மட்டுமே. ஓரத்து விளக்கு அந்தக் கணக்கில் வராது; அதை, கதிர் எந்தப் பரப்பில் எந்த வரிசையிலும் படலாம் என்று கணக்கிடும் நான்-சீக்வென்ஷியல் முறையில் தனி ஒளிமூலமாக வைத்துப் பாருங்கள். பேரலின் (லென்ஸைத் தாங்கும் குழலின்) உட்சுவருக்கு உண்மையான மேற்பரப்பைக் கொடுங்கள். எல்லா ஒளியையும் விழுங்கும் சுவர் என்று வைத்தால் எந்த வரைபடமும் தேறும். கடைந்த அலுமினியம் வேறு, கறுப்பு அனோடைஸ் (அலுமினியத்தின் மேல் மின்முறையில் வளர்த்த ஆக்சைடு படலம்) வேறு. அனோடைஸ்கூடச் சாய்ந்து விழும் ஒளியைத் திருப்பி அனுப்பும். உட்சுவரில் மரை வெட்டுவது அதற்குத்தான்.

கேள்வி: லென்ஸ் விட்டம் 20 மி.மீ., கழிவு 0.03 (அவ்வளவு வரை குறையலாம்). பேரல் துளை 20.02 முதல் 20.04. ஆப்டிக்ஸ்பில்டர் சோதனையில் தேறிவிட்டது. கடைந்துவிடலாமா?
— லேத் பட்டறை வாசகர், தேவகோட்டை

பதில்: தேறியது பெயரளவு வரைபடம், அதில் லென்ஸ் நட்டநடுவில் இருக்கிறது. நிஜத்தில் 19.97 லென்ஸ் 20.04 துளைக்குள் போனால் 0.07 இடைவெளி, மையம் 35 மைக்ரான் விலகலாம். வடிவமைப்பாளரிடம் அந்த 35-ஐச் சொல்லி டாலரன்ஸ் (உற்பத்திப் பிசகு) கணக்கில் போடச் சொல்லுங்கள். அங்கே தேறாவிட்டால் துளையை 20.00–20.01 ஆக இறுக்குங்கள்.

வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குவியத்துக்கு விட்டுக்கொடுக்கக்கூடியது ஏறத்தாழ எஃப் எண்ணைப் பிக்சலால் பெருக்கியது: முதல் கேள்வியின் லென்ஸுக்கு 4 × 3.45, அதாவது இருபுறமும் 14 மைக்ரான். லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே 25 மி.மீ. அலுமினியம் இருந்தால், 20 டிகிரியில் குவித்தது 40 டிகிரிச் சித்திரை வெயிலில் 12 மைக்ரான் நீளும். ஏ.சி. இல்லாத பட்டறையில் அந்த இடத்துக்கு இன்வார் (சூட்டில் மிகக் குறைவாக விரியும் இரும்பு–நிக்கல் கலவை) ஸ்பேசர் போடுங்கள். இல்லையென்றால் குவியத்தை 30 டிகிரியில் பூட்டுங்கள், விலகல் இருபுறமும் 6 மைக்ரானாகப் பிரிந்துவிடும்.