ஜாவாவில் இன்ட் அரேயை நம் இஷ்டப்படி வரிசைப்படுத்த முடியாதா?

முடியும், ஆனால் நேரடியாகக் கம்பேரட்டர் (எது முன்னால், எது பின்னால் என்ற நம் விதியைச் சொல்லும் ஆப்ஜெக்ட்) கொடுத்து முடியாது. அரேயை அடுக்கித் தரும் அரேஸ்.சார்ட்டில் இன்ட் அரேயோடு கம்பேரட்டரையும் கொடுத்தால் கம்பைலர் ஏன் சண்டைக்கு வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கம்பேரட்டர் ஒரு ஜெனரிக் வகை, அதாவது எந்த வகைப் பொருளுக்கு என்று நாம் சொல்லிப் பயன்படுத்துவது. அதற்குள் ஆப்ஜெக்ட் மட்டுமே நுழையும், வெறும் எண்ணான இன்ட் நுழையாது.

எல்லாவற்றையும் இன்டீஜராக்கி (ஒரு இன்ட்டை உள்ளே வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்) அடுக்கச் சொல்வார்கள். சின்ன அரே என்றால் தாராளமாகச் செய்யுங்கள். பத்து லட்சம் இன்ட் என்றால் 4 எம்பி. அதையே இன்டீஜராக்கினால், வழக்கமான 64 பிட் ஜேவிஎம்மில் (ஜாவா புரோகிராமை ஓட்டும் மென்பொருள்) ஒவ்வொன்றுக்கும் 16 பைட், அதைச் சுட்ட இன்னொரு 4 பைட், ஆக 20 எம்பி.

எனக்குப் பிடித்த வழி வேறு. நம் விதியை சார்ட் கேட்காது என்றால், மதிப்புகளை அதற்குப் புரியும்படி மாற்றிக் கொடுத்துவிடலாம். மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா பக்கம் (எங்கள் வாயில் இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான்) ஒரு செம்பனைத் தோட்ட ஆபீசுக்கு எடைச்சீட்டு புரோகிராம் எழுதுகிறேன். சீட்டில் பிளாக் எண் இருக்கும். கிராணிக்கு (தோட்டத்துக் கணக்கருக்கு) அது 1, 2, 3 என்று வந்தால் பிடிக்காது. லோரி குலை ஏற்றிப் போகும் பாதைப்படி 7, 3, 12 என்று வரவேண்டும். சரி, பாதையில் 7க்கு இடம் 0, 3க்கு 1, 12க்கு 2. அரேயில் 12, 7, 3, 7 இருந்தால் இடங்களாக மாற்றும்போது 2, 0, 1, 0. சாதா சார்ட் போட்டால் 0, 0, 1, 2. திரும்ப பிளாக் எண்ணாக்கினால் 7, 7, 3, 12. கம்பேரட்டருக்கு வேலையே இல்லை.

இறங்குவரிசைக்கும் இதே உத்திதான்: ~ போட்டு எல்லா பிட்டையும் புரட்டி, அடுக்கி, மறுபடி புரட்டுங்கள். மைனஸ் போதாதா என்றால், −2147483648க்கு இன்ட்டில் நேர்மறை ஜோடி கிடையாது. அது அப்படியே நின்று, கடைசியில் வரவேண்டியது முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கடைசி இலக்கப்படி அடுக்குவதானால் 12ம் 42ம் சமமாகிவிடும், இடத்தை வைத்து மதிப்பை மீட்க முடியாது. அப்போது ஒரு லாங் அரே (64 பிட் எண்கள் கொண்டது) எடுத்து, மேல் 32 பிட்டில் அந்த இலக்கத்தையும் கீழ் 32 பிட்டில் பழைய அரேயில் இருந்த இண்டெக்ஸையும் (எத்தனையாவது இடம் என்ற எண்) வையுங்கள். அடுக்கிய பிறகு இண்டெக்ஸைப் பிடித்து மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். சமமானவை பழைய வரிசையிலேயே நிற்கும்.

அப்புறம், இன்டீஜர் வழியில்தான் போவேன் என்றால் கம்பேரட்டருக்குள் a கழித்தல் b என்று எழுதாதீர்கள். பெரிய எண்களில் இன்ட் நிரம்பி வழிந்து குறி மாறிவிடும். இன்டீஜர்.கம்பேர் அதற்குத்தான் இருக்கிறது.