வீட்டில் மெழுகுதிரி ஏற்றுவது: கத்தோலிக்க வழக்கங்கள், கேள்வி பதில்

கேள்வி: சுரூபத்துக்கு (இயேசு, புனிதர் சிலைக்கு) முன் எத்தனை திரி ஏற்ற வேண்டும்? ஒற்றைப்படையா, இரட்டைப்படையா?

பதில்: வீட்டுக்குத் திருச்சபை எண்ணிக்கை எதுவும் வைக்கவில்லை. ஒழுங்குகள் எல்லாம் கோயில் பீடத்துக்கு. ஒன்று போதும்.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு வாரமான திருவருகைக்காலத்தில் வைக்கும் இலை வளையத்தில் எந்தத் திரியை எப்போது ஏற்றுவது? நான்கும் சிவப்பாக இருக்கலாமா?

பதில்: மூன்று ஊதா, ஒன்று ரோஸ். முதல் இரு வாரமும் ஊதா, மூன்றாம் ஞாயிறான மகிழ்ச்சி ஞாயிறன்று ரோஸ், கடைசியில் மிஞ்சிய ஊதா. பழைய திரிகளை முதலில் ஏற்றி, அந்த வாரத்துப் புதுத் திரியைக் கடைசியாக ஏற்றுங்கள். சிவப்பும் தப்பில்லை. 1839இல் ஹாம்பர்க் நகரில் யோஹான் ஹின்ரிச் விஹெர்ன் என்ற லுத்தரன் போதகர் இந்த வளையத்தின் முதல் வடிவமாக வண்டிச் சக்கரத்தில் வைத்த திரிகளே 20 சிறிய சிவப்பும் 4 பெரிய வெள்ளையும்தான்.

நிறத்தைவிட நீளத்தைப் பாருங்கள். திருவருகைக் காலம் 22 முதல் 28 நாள் வரை வரும். தினம் 15 நிமிடம் என்றால் முதல் திரி 7 மணி நேரம் வரை எரியும். இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள திரி மணிக்குச் சுமார் 2.5 செ.மீ. குறையும், ஆக 17 செ.மீ.க்கு மேல் போய்விடும். அடியில் 5 செ.மீ. எரியாமல் மிஞ்ச வேண்டும், இல்லையென்றால் சுடர் இலையைத் தொடும். 25 செ.மீ. திரி வாங்குங்கள். நான்காம் வாரத்தில்தான் கவனம் தேவை: இலை சருகாகியிருக்கும், திரி குட்டையாகியிருக்கும், சுடரும் நான்கு. காய்ந்த இலையை வாராவாரம் மாற்றுங்கள். பிளாஸ்டிக் இலையும் தீப்பிடிக்கும்.

கேள்வி: திரியை ஊதி அணைப்பது பாவமா?

பதில்: இல்லை. ஆனால் ஊதினால் உருகிய மெழுகு தெறிக்கும், புகையும் வரும். கம்பியால் நூலை உருகிய மெழுகுக்குள் ஒரு கணம் அமிழ்த்தி நிமிர்த்துங்கள். கனல் மூழ்கிவிடுவதால் புகையே வராது, அடுத்த முறை நூலும் சட்டென்று பற்றும்.

கேள்வி: அவமரியாதை என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, எப்படி இல்லை என்கிறீர்கள்?

பதில்: பாஸ்கா திருவிழிப்பில், அதாவது ஈஸ்டருக்கு முந்திய இரவு வழிபாட்டில், மக்கள் கையிலுள்ள திரிகளை அணைத்து வைத்துவிட்டு, திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும்போது மறுபடி ஏற்றுகிறோம். எப்படி அணைக்க வேண்டும் என்று சடங்கு நூலில் முறை கிடையாது. பெரியவர்கள் சொல்வது வீட்டு மரியாதை. அதைக் காப்பாற்றுங்கள், நல்லதுதான். ஊதிய பிள்ளையிடம் பாவம் செய்துவிட்டாய் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் பிறந்தநாள் கேக் திரி?

பதில்: அது செபத்துக்கு ஏற்றியதல்ல. இந்த ஊதல் கேள்வியை இத்தோடு விட்டுவிடுவோம்.

கேள்வி: ஜெபமாலை நடுவே திரி அணைந்துவிட்டது. கெட்ட சகுனமா?

பதில்: நூல் மெழுகில் மூழ்கியிருக்கும். தடித்த திரியை முதல் முறை ஏற்றும்போது மேல்பரப்பு விளிம்பு வரை உருகாமல் அணைத்தால் நடுவில் குழி விழும். அடுத்த முறை உருகும் மெழுகெல்லாம் அங்கே தேங்கும். சூடாக இருக்கும்போதே அதிக மெழுகைச் சாய்த்து ஊற்றி, நூலை 5 மில்லிமீட்டருக்கு வெட்டி ஏற்றுங்கள். சகுனம் பார்ப்பது நம் விசுவாசத்தில் இல்லை.

கேள்வி: பிப்ரவரி 2 அன்று, ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழாவில், மந்திரித்த திரியின் துண்டைக் குப்பையில் போடலாமா? கரண்ட் போனால் ஏற்றலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். அர்ச்சிக்கப்பட்ட பொருளை மரியாதையாகக் கையாள வேண்டும், சாதாரண உபயோகத்துக்கு எடுக்கக் கூடாது என்கிறது திருச்சபைச் சட்டம் 1171. துண்டைச் செபத்தில் எரித்து முடியுங்கள், அல்லது மண்ணில் புதையுங்கள். வெளிச்சத்துக்கு வேறு திரி வையுங்கள்.

கேள்வி: நேர்ச்சைத் திரியை இரவு முழுக்க எரியவிடலாமா?

பதில்: கூடாது. படுக்கும் முன் அணையுங்கள், காலையில் ஏற்றுங்கள், நேர்ச்சை முறியாது.

கேள்வி: கண்ணாடிக் குவளைத் திரி என்றால் இரவில் விடலாம்தானே?

பதில்: கூடாது. அடியில் ஒரு செ.மீ. மெழுகு இருக்கும்போதே நிறுத்தாவிட்டால் சூட்டில் குவளையே விரிசல் விடும்.

கேள்வி: நோயாளிக்கு நற்கருணை (திருப்பலியில் அர்ச்சித்த அப்பம்) கொண்டுவரும்போது திரி கட்டாயமா? ஆக்சிஜன் வைத்திருக்கிறோம்.

பதில்: அந்த அறையில் நெருப்பே வேண்டாம். ஆக்சிஜனை நிறுத்திவிட்டு ஏற்றவும் வேண்டாம். துணியிலும் தலையணையிலும் அது தங்கியிருக்கும். பாட்டரித் திரி வையுங்கள். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.